வென்றெறி முரசு

அவையோருக்கு வணக்கம்.

தமிழ்க் கவிதையில் வெற்றி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கலிங்கத்துப்பரணியில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடுவது பரணி. அந்தச் சந்தம் காதுக்குள் குதிரை ஓட்டும். ஆனால் இலங்கைத் தேயிலை மலையகத்தின் ஹட்டனில் நின்று பேசும்போது என் மனசு வேறொரு பாட்டுக்குப் போகிறது.

புறநானூறு 112. ஐந்தே அடி. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டு, பாரியும் மாண்டபின் அவன் மகளிர் பாடியது. அன்றைய நிலவில் தகப்பன் இருந்தான், குன்றும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அதே நிலவு காய்கிறது, "வென்றெறி முரசின் வேந்தர்எம் குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே."

பாட்டில் வெற்றிக்குக் கிடைத்த இடம் "வென்றெறி முரசு" என்ற இரண்டே சொல். முரசு அதிர்கிறது. அதைக் கேட்பது தோற்ற வீட்டுக் காது. ஒரு சிறு மலைத்தலைவனை வெல்ல மூன்று முடிமன்னர் சேர வேண்டியிருந்ததே என்று அந்தப் பிள்ளைகள் வாய்திறந்து கேட்கவில்லை. அந்த அடைமொழியே கேட்டுவிடுகிறது.

சங்கப் புலவர் வெண்ணிக் குயத்தியாரும் இந்தத் தோற்றவர் பக்கம் நின்றவர்தான். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்தே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட்ட சேரன் "நின்னினும் நல்லன் அன்றே" என்கிறார். வென்ற அரசனிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

"எம் குன்று" என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நான் நின்றுவிடுவது உண்டு. காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் நம் முன்னோர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையெண்ணிப் பிரித்தது. அதற்கு முரசு முழங்கவில்லை. கையெழுத்தே போதுமாக இருந்தது. நம் லயங்கள், அந்த வரிசை வீடுகள், அறிந்த முரசு, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பிய தப்புப் பறை.

உயர்தரம் படித்த காலத்தில் இந்தப் பாட்டை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வேந்தர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ளைகளுக்குப் பொறகு என்னாச்சுய்யா? கல்யாணம் நடந்திச்சா?"

பாரியின் நண்பரான புலவர் கபிலர் அவர்களுக்கு மணம் முடிக்க அழைத்துக்கொண்டு அலைந்ததையும், இருங்கோவேள் என்ற குறுநில மன்னன் ஏற்க மறுத்ததையும் சொன்னேன். அப்பாயி விரல் தேய்ப்பதை நிறுத்தினார்.

"மலையப் பறிகொடுத்த வூட்டுல எவன் வந்து பொண்ணெடுப்பான்?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இன்னொருக்கா படி" என்றார்.