ஏழாவது கணக்கு தெரியாத குடும்பமே போதும்!

நடுவர் அவர்களே, பெரம்பூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, எதிரணி விட்டுட்டுப் போன பாக்கி ஜாஸ்தி. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் படிக்கற பிள்ளை தேறி வர்றதுக்குப் பெரிதும் துணை நிற்பது குடும்பமா, டியூஷனா? இதான் தலைப்பு. நாங்க குடும்பம். எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரு போடு போட்டாரு, நீங்களும் விசில் அடிச்சீங்க, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். என்ன சொன்னாரு? "ஏழாவது கணக்குப் புத்தகத்தைத் திறந்தா அப்பா 'அம்மாகிட்ட கேளு'ங்கறாரு, அம்மா 'அப்பா வரட்டும்'ங்கறாங்க. குடும்பம் பிள்ளைக்குச் செய்யற ஒரே உதவி ரேங்க் கார்டுல கையெழுத்து. அதையும் பாதிப் பிள்ளைங்க அவங்களே போட்டுக்கறாங்க"ன்னாரு.

ஐயா, அப்பா கையெழுத்தைச் சுழி பிசகாம போட அந்தப் பையன் எந்த டியூஷன்ல கத்துக்கிட்டான்? அந்த சாரோட அட்ரஸ் இருந்தா கொடுங்க.

ஆனா அவர் சொன்னதுல பாதி நிஜம். ஏழாவது கணக்கு இங்க உட்கார்ந்திருக்கற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மேடையில இருக்கறவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், நடுவர் கோவிச்சுக்கக் கூடாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தெரியணுமா?

வாங்க, மார்க்கெட்டுக்குப் போவோம். ஆறாவது படிக்கற பொண்ணு, கையில ஒரு துணிப்பை. "அண்ணே, கால் கிலோ கேரட், அரைக் கிலோ பீன்ஸ்." மொத்தம் எத்தனை கிலோ பாப்பான்னு கேளுங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள "முக்கால் கிலோ"ன்னு பதில் வரும். அதே பொண்ணு வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைத் திறக்குது. 1/4 + 1/2. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ நாலும் ரெண்டும் ஆறு. விடை 2/6. அடியில ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு வேற!

சரி, 2/6னா எவ்வளவு? மூணுல ஒரு பங்கு. கிலோ கணக்குல 333 கிராம். அடப்பாவி மக்களே, பீன்ஸ் மட்டுமே 500 கிராம் இருந்துச்சே! அதுல கேரட்டைச் சேர்த்ததும் 333 கிராம் ஆயிடுச்சு. அப்ப அந்தக் கேரட் வழியில பீன்ஸைத் தின்னுடுச்சா? கடைக்காரர் இப்படி எடை போட்டா நீங்க விடுவீங்களா? தராசையே தூக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பீங்க. நோட்டுல போட்டா மட்டும் "டீச்சர் சொல்லித் தரல"ன்னு விட்டுடறீங்க.

இந்தப் பொண்ணை எதிரணி டியூஷனுக்கு அனுப்புறாரு. அங்க ஒரு ஹால், பத்து இருபது பிள்ளைங்க, மூணு வேற வேற வகுப்பு. சார் பாவம், என்ன பண்ணுவாரு? "எல்.சி.எம். எடு, பெருக்கு, எழுது"ம்பாரு. அதுவும் எழுதும். அடுத்த வாரம் 1/3 + 1/5 வந்தா மறுபடியும் 2/8தான். கீழ இருக்கற எண் துண்டோட அளவைச் சொல்லுது, அளவு ஒண்ணாகாம துண்டைக் கூட்டக் கூடாதுங்கறது அதுக்குப் புரியவே இல்லையே!

இதை வீட்ல எப்படிச் சரி பண்றது? விடையைச் சொல்லாதீங்க. "கணக்கைக் கிராம்ல சொல்லும்மா"ன்னு கேளுங்க. 250, 500, ஆக 750. "நீ எழுதின 2/6 எத்தனை கிராம்?" 1000த்தை ஆறால வகுத்து ரெண்டால பெருக்கிப் பார்க்கும். 333 வந்ததும் அதுவே "அய்யய்யோ"ன்னு சிரிக்கும். சிரிச்சிடுச்சா? இப்ப அரையை ரெண்டு காலா உடைக்கச் சொல்லுங்க. ஒரு காலும் ரெண்டு காலும் மூணு கால், 3/4. பத்து நிமிஷம் ஆகும். இதுக்கு அப்பா கணக்குல பட்டம் வாங்க வேணாம், பேரம் பேசத் தெரிஞ்சா போதும். அது நம்ம ஊர்ல பிறக்கும்போதே வந்துடுது.

எதிரணியில ஒருத்தர் அங்கேருந்து கையை ஆட்டறாரு. "எட்டாவது இயற்கணிதத்துக்கும் கேரட்தானா?"ங்கறாரு. இல்லைங்க. அதுக்குக் கண்ணு போதும்.

சனிக்கிழமை இருபது நிமிஷம் ஒதுக்குங்க. கணக்கு நோட்டைக் கடைசிப் பக்கத்துலேருந்து பின்னாடி புரட்டுங்க. கணக்கைப் பார்க்காதீங்க, சிவப்பு மையைப் பாருங்க. தப்புன்னு டீச்சர் சுழிச்ச இடத்துக்குக் கீழ திருத்திப் போட்டிருக்கா? 63ஐ 36ன்னு எழுதியிருந்தா அது பார்த்து எழுதறதுல வந்த பிழை, பதற வேணாம். மைனஸ் குறி ஒரு வரியில இருந்து அடுத்த வரியில காணாம போயிருந்தா அவசரம், மெதுவா எழுதச் சொல்லுங்க. ஒரே மாதிரித் தப்பு மூணு பக்கத்துல வந்திருந்தா மட்டும் அந்தப் பாடமே புரியலைன்னு அர்த்தம். அப்புறம் தேதியைப் பாருங்க. ஜூலை 8க்கு அப்புறம் 14ன்னு இருந்தா நடுவுல லீவு போட்டிருக்கான். மீச்சிறு பொது மடங்கு, அதான் அந்த எல்.சி.எம்., நடத்தின அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்தவனுக்குப் பின்னம் வராது, விகிதம் வராது, சதவீதமும் வராது. டியூஷன்ல சதவீதத்தையே திரும்பத் திரும்ப நடத்திக்கிட்டு இருப்பாங்க. ஓட்டை அங்க இல்லையே, மூணு மாசம் முன்னாடி இருக்கு!

இது ஏன் இந்த வயசுல முக்கியம்? நம்ம ஊர்ல எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ். நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா ஓட்டை அடைபடாமலே பிள்ளை மேல போயிடும், ஒன்பதாவதுல மொத்தமா தெரியும். அப்ப வந்து "திடீர்னு மக்காயிட்டான்"னு சொல்லுவோம். எதுவுமே திடீர்னு இல்லைங்க.

ஒண்ணு ஒத்துக்கறேன். நோட்டைப் பார்க்கறது வேற, வீட்டுப்பாடத்தை நாமே செஞ்சு கொடுக்கறது வேற. நான்சி ஹில், டயானா டைசன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2009ல, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்களோட பெற்றோர் பங்கைப் பத்தி வந்த 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. வீட்டுப்பாடத்துக்கு உதவறது பெருசா பலன் தரல. படிப்பு எதுக்கு, பிள்ளை என்னவாகணும்னு நினைக்குது, எப்படித் திட்டம் போட்டுப் படிக்கறதுன்னு பேசற குடும்பத்துலதான் பலன் அதிகமா தெரிஞ்சுது. அதனால அந்தத் தெர்மாகோல் எரிமலையைத் தயவுசெஞ்சு பிள்ளையே செய்யட்டும். அப்பா செஞ்ச எரிமலை ஸ்கூல்ல முதல் பரிசு வாங்கும், பிள்ளைக்கு லாவான்னா என்னன்னு தெரியாது.

அந்த எரிமலை சமாச்சாரம் இருக்கே, ராத்திரி ஒன்பதரைக்கு "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்"னு குரல் வரும். ஸ்டேஷனரிக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், அப்பா குனிஞ்சு உள்ள பார்த்துக் கெஞ்சிக்கிட்டு இருப்பாரு. பிள்ளையைத் திட்டாதீங்க. அஞ்சாவது வரைக்கும் பெரும்பாலும் ஒரே டீச்சர், எல்லாப் பாடமும் அவங்க கையில. ஆறாவதுல பாடத்துக்கு ஒரு ஆசிரியர். அறிவியல் டீச்சர் கொடுத்த புராஜெக்ட் சமூக அறிவியல் சாருக்குத் தெரியாது. 2012-13ல முப்பருவ முறை வந்தப்போ 100 மார்க்குல 60 பரீட்சைக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்குன்னு பிரிச்சாங்க. அந்த 40 இந்த மாதிரிச் செயல்பாடு, சின்னச் சின்னத் தேர்வுலதான் வருது. அஞ்சு பேர் தர்ற வேலையையும் மொத்தமா பார்க்கற இடம் வீடு ஒண்ணுதான். நம்ம வீட்டு மாசக் காலண்டர்ல பால் வராத நாளைச் சுழிச்சு வைக்கறோம்ல? பக்கத்துலயே பிள்ளை கையால புராஜெக்ட் தேதியை எழுதச் சொல்லுங்க. மூணு நாள் முன்னாடி ஒரு புள்ளி. புள்ளி வந்தா சாமான் வாங்கணும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இப்ப எதிரணிக்கே கணக்கு போட்டுக் காட்டறேன். நாலு மணிக்கு ஸ்கூல் விடுது. ஆறுலேருந்து எட்டரை டியூஷன். சாப்பாடு, ஸ்கூல் வீட்டுப்பாடம், டியூஷன் வீட்டுப்பாடம், பதினொண்ணு. காலையில ஆறு மணிக்கு எழுப்பறோம். தூக்கம் ஏழு மணி நேரம். ஆறு வயசுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் 9 முதல் 12 மணி நேரம், பதின்மூணு ஆச்சுன்னா 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு 2016ல அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லுது. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ராத்திரிக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் கடன். வெள்ளிக்கிழமை பத்து மணி நேரம் கடனோட கடைசி பெஞ்சுல கொட்டாவி விடறான். உடனே இன்னொரு டியூஷன்! அவனுக்கு வேண்டியது தூக்கம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கணும், அப்பாவோட போனும் சேர்த்துத்தான். அங்கதான் சிக்கல், எனக்கும் தெரியும்.

காலைச் சாப்பாடு இன்னொண்ணு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும்னு ஆரம்பிச்சுது. அதுல சாப்பிட்டுப் பழகின பிள்ளை ஆறாவது போனதும் அந்தத் தட்டு வீட்டுப் பொறுப்பாகுது. நிறைய வீட்ல இதைக் கவனிக்கறதே இல்லை. பத்து மணிக்குத் தலைவலின்னு பிள்ளை மேசையில சாய்ஞ்சா, ராத்திரி மீந்த இட்லியாவது ரெண்டு போச்சான்னு முதல்ல கேளுங்க. அப்பவும் தலைவலின்னா கண்ணைக் காட்டுங்க. போர்டைப் பார்க்காம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதறான்னா அவன் சோம்பேறி இல்லை, கிட்டப்பார்வையா இருக்கலாம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819லேருந்து இருக்கு.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனா "நல்லா படிக்கறானா மிஸ்?"னு கேக்காதீங்க. "பரவால்லங்க"ன்னு ஒரு பதில் வரும், டீ குடிச்சிட்டு வந்துடுவீங்க. எந்த இடத்துல தடுமாறறான், எங்க உட்கார்றான், யாரோட பேசறான்னு கேளுங்க. எட்டாவதுன்னா என்.எம்.எம்.எஸ்.ங்கற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வைப் பத்திக் கேளுங்க. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களுக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருந்தா எழுதலாம். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. தேர்வானா ஒன்பதாவதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. வருமானச் சான்றைக் கடைசி நாள்ல தேடி ஓடறதாலதான் பல பேருக்குக் கை நழுவுது. அதையும் டியூஷன் சாரா வாங்கித் தருவாரு?

நடுவர் மணியில கை வச்சுட்டாரு. ஒரு நிமிஷம் கொடுங்க ஐயா.

கையெழுத்தைப் பிள்ளையே போட்டுக்கறான்னு சொல்லி நம்மளைச் சிரிக்க வச்சாரே, நானும் சிரிச்சேன். ஏன் போட்டுக்கறான்னு யாராவது யோசிச்சீங்களா? பன்னிரண்டு வயசு. குரல் உடையுது, மூஞ்சியில பரு, கண்ணாடியைப் பார்க்கவே வெக்கம். கையில 32 மார்க் பேப்பர். பைக்கு அடியில, டிபன் பாக்ஸுக்குக் கீழ, நாலா மடிச்சு வச்சிருக்கான். இதே பேப்பரை டியூஷன் சார்கிட்ட சர்வசாதாரணமா காட்டுவான். நம்மகிட்ட மட்டும்தான் முடியல. நம்ம மொகம் வாடறதை அவனால தாங்க முடியாதுங்க! அந்த அளவுக்கு அவனுக்கு நாம வேணும்.

அந்தப் பேப்பர் வெளிய வர்ற அன்னைக்கு "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?"ன்னு கேக்காதீங்க. "எந்தக் கேள்வியில போச்சு, வா பார்ப்போம்"னு சொல்லுங்க. புளியந்தோப்புல, வியாசர்பாடியில நாலு வீட்ல பாத்திரம் கழுவிட்டு எட்டு மணிக்கு வர்ற அம்மாவுக்கு எழுத்து தெரியாம இருக்கலாம். "இன்னைக்கு என்ன நடத்தினாங்க, புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு, நான் கேக்கறேன்"னு சொல்ல எழுத்து எதுக்கு? அவன் சொல்லுவான். பாதியில தடுக்கும், மூடின புத்தகத்தைத் திறந்து பார்ப்பான், மறுபடி சொல்லுவான். படிப்புன்னா அதுதாங்க. அந்த அம்மா சோறு பிசைஞ்சுக்கிட்டே "ம்... அப்புறம்?"னு கேக்கறாங்களே, அந்த "அப்புறம்"ங்கற வார்த்தைக்கு மாசம் எத்தனை ரூபாய் ஃபீஸ் போடுவீங்க நடுவர் அவர்களே? ரேட் சொல்லிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.