இரத்தம் வேகம் குறையும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். இரத்த ஓட்டம் என்றாலே இதயத்தில் தொடங்குவதுதான் வழக்கம். நான் இன்று தந்துகிகளில் தொடங்குகிறேன். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளையும், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளையும் இணைக்கிற நுண்ணிய குழாய்கள் இவை. இரத்த ஓட்டத்தின் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆக்சிஜன் செல்லுக்குள் தானாகவே பரவிப் போகும். மிகக் குறுகிய தூரம் என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆனால் தூரம் 10 மடங்கானால், எடுக்கும் நேரம் 100 மடங்காகிவிடுகிறது. தட்டைப் புழுக்களுக்கு இதயமே கிடையாது. உடல் அவ்வளவு தட்டையாக இருப்பதால், எந்தச் செல்லும் வெளியே உள்ள நீரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. உடல் பருத்த விலங்குகளுக்கு அது போதாது. அவற்றில் இரத்தமே ஒவ்வொரு செல்லின் பக்கத்திலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பெருந்தமனியில் பாய்ந்து வரும் இரத்தம், கோடிக்கணக்கான தந்துகிகளாகப் பிரியும்போது நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் குறுகல்தான். ஆனால் எல்லாவற்றின் வாயையும் சேர்த்துப் பார்த்தால் பெருந்தமனியைவிடப் பல நூறு மடங்கு அகலம், அதனால்தான் இந்த நிதானம். குழாயின் சுவரோ ஒரே ஒரு செல் கனம். சிவப்பணுக்கள் உடலை வளைத்து, வரிசையாக ஒவ்வொன்றாக நுழைந்து போகின்றன. அந்த ஓரிரு நொடிக்குள் ஆக்சிஜனும் குளுக்கோஸும் வெளியே போகின்றன, கார்பன் டை ஆக்சைடும் கழிவுகளும் உள்ளே வருகின்றன.

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதினார். இதயம் அரை மணி நேரத்தில் வெளியேற்றும் அளவைக் கணக்கிட்டால், உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அது அதிகம். அப்படியானால் அதே இரத்தம்தான் திரும்பி வந்தாக வேண்டும். எவ்வளவு தெளிவான வாதம்! ஆனால் தமனியிலிருந்து சிரைக்குப் போகும் பாதையை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் 1657இல் இறந்தார். 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிஜி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்தப் பாதையைக் கண்டார்.

சரி, இரத்தம் இவ்வளவு ஆக்சிஜனை எப்படிச் சுமக்கிறது? ஒரு லிட்டர் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் வெறுமனே கரைவது 3 மில்லிலிட்டர்தான். சிவப்பணுக்களில் உள்ள, இரும்பு கொண்ட புரதமான ஹீமோகுளோபினும் சேர்ந்தால் சுமார் 200 மில்லிலிட்டர் ஆகிறது. அதைவிட என்னை வியக்க வைப்பது அது ஆக்சிஜனைக் கைவிடும் விதம். தசை கடுமையாக உழைக்கும்போது அங்கே சூடும் அமிலத்தன்மையும் கூடுகின்றன. அந்தச் சூழலில் ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து, தேவை எங்கே அதிகமோ அங்கேயே ஆக்சிஜன் கூடுதலாக இறங்குகிறது.

எல்லா விலங்குகளும் இதே வழியில் போகவில்லை. ஆக்டோபஸின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால், ஆக்சிஜன் சேர்ந்ததும் அது நீலமாகிறது. அதற்கு மூன்று இதயங்கள்: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலுக்கு. அண்டார்டிக் கடலின் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே இல்லை. உறைகுளிர் நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும். பெரிய இதயத்தையும் மிகுதியான இரத்தத்தையும் வைத்துக்கொண்டு அவை சமாளிக்கின்றன. பூச்சிகளில் காற்றுக் குழாய்களே நேராகச் செல்கள்வரை போய்விடுவதால், அவற்றின் இரத்தம் பெரும்பாலும் உணவையும் கழிவையும் மட்டும் சுமக்கிறது.

இப்போது இதயத்துக்கு வருகிறேன். மீனின் இதயம் இரத்தத்தைச் செவுளுக்குத் தள்ளுகிறது. அங்குள்ள தந்துகிகளைக் கடப்பதற்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது, மிச்ச அழுத்தத்தில்தான் உடல் முழுக்கப் போக வேண்டும். பறவைகளிலும் பாலூட்டிகளிலும் நுரையீரலுக்குப் போன இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வந்து, மீண்டும் ஒரு தள்ளல் பெறுகிறது. வலப்பக்கம் நுரையீரலுக்கு மென்மையாகத் தள்ளும். அங்கே அழுத்தம் கூடினால் நீர் கசிந்து நுரையீரலில் தேங்கிவிடும். இடப்பக்கம் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும், அதனால் அதன் தசைச்சுவர் தடித்தது. ஒட்டகச்சிவிங்கி தலைவரை இரத்தத்தை ஏற்ற வேண்டும் அல்லவா? அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்புறம் ஒன்று. தந்துகிகளிலிருந்து வெளியே கசியும் நீர் முழுவதும் அவற்றுக்குள் திரும்புவதில்லை. மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் சேர்த்து, கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள சிரைகளில் கொண்டுவந்து விடுகின்றன. நாம் சாப்பிடும் கொழுப்பில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வதும் இந்த வழியாகத்தான். சிறுகுடலில் உறிஞ்சப்படும் சர்க்கரை நேராக இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்போ நிணநீரோடு மேலேறி, கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்கு வந்துவிடுகிறது.

நன்றி, வணக்கம்.