வானத்தைப் பார்க்கும் குழல்

நண்பர்களே, பழைய கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனால் எல்லோரும் நேராகப் பெரிய பீரங்கியிடம்தான் போவோம். குழந்தையை அதன் மேல் உட்காரவைத்துப் படம் எடுப்போம். சில கோட்டைகளில் சற்றுத் தள்ளி, மெலிந்த நீளக் குழலோடு இன்னொன்று வானத்தைப் பார்த்தபடி நிற்கும். 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ், விமான எதிர்ப்புப் பீரங்கி. இன்று அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்போம்.

போஃபர்ஸ் என்றதும் நமக்கு 1980களில் நாடே பேசிய அந்தப் பீரங்கி பேரம்தான் ஞாபகம் வரும். அது 155 மில்லிமீட்டர். இது அதே சுவீடன் நிறுவனம் அரை நூற்றாண்டு முன்பு செய்தது. 1928இல் சுவீடன் கடற்படை கேட்டு வேலை தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளும் ஜெர்மனியும் இதை வைத்துச் சுட்டன. சிங்கப்பூரில் கைப்பற்றியதைப் பார்த்து ஜப்பான் தானே ஒன்று செய்துகொண்டது.

கிட்டே போய்ப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கைகள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக் குழலை ஏற்றி இறக்குவார், மற்றவர் இடவலமாகத் திருப்புவார். இருவர் கையும் ஒத்துப்போனால்தான் குறி. குழலுக்குப் பின்னால், மேலே திறந்தபடி ஒரு வழி இருக்கும். நான்கு குண்டுகள் கோத்த கிளிப்பை அதில் ஒருவர் நின்றுகொண்டே இறக்குவார். வெடிமருந்துக் கூட்டோடு சேர்த்தால் ஒரு குண்டு இரண்டு கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 120 குண்டு என்றால் ஒரு கிளிப் இரண்டே விநாடியில் தீர்ந்துவிடும். அப்புறம் அடுத்தது. ஆடுகிற கப்பல் தளத்தில், தலைக்கு மேல் விமானம் பாய்ந்து வரும்போது, இரண்டு விநாடிக்கு ஒருமுறை எட்டுக் கிலோ. அந்த ஆளின் தோளை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, கோட்டைக்கும் இதற்கும் என்ன உறவு? அகழி, மதில், கொத்தளம் எல்லாமே எதிரி தரையிலோ கடலிலோ வருவான் என்று போட்ட கணக்கு. விமானம் அந்தக் கணக்கை அழித்துவிட்டது.

அதே போரில், இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல்கள் போகும் வழியில் ஜெர்மன் விமானங்கள், கப்பலின் இரும்பை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிவெடிகளைப் போட்டன. அதைத் தடுக்க கை மான்செல் என்ற பொறியாளர் கடலிலேயே கோட்டை கட்டினார். ஆற்றங்கரையில் கட்டி, இழுத்துப் போய், 1942இல் மணல் திட்டில் அமிழ்த்தி நிறுத்தினார்கள். கடற்படைக்காக அப்படி நான்கு. மதிலே கிடையாது. ஏழு மீட்டருக்குச் சற்றே கூடுதலான விட்டத்தில் இரண்டு கான்கிரீட் தூண்கள், அவற்றுக்கு மேல் ஒரு தளம், அதில் இரண்டு 3.7 அங்குலப் பீரங்கிகள், இரண்டு போஃபர்ஸ். சுமார் நூறு பேர் தூணுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். சிலர் படுத்தது நீர்மட்டத்துக்கும் கீழே. அவற்றில் ஒன்றைத்தான் 1967இல் ராய் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு ‘சீலேண்ட்’ என்று தனி நாடாக அறிவித்தார். அது வேறு கதை.

காட்சிக்கு வைத்த பீரங்கியின் பலகையில் ஆண்டு, எடை, நீளம் எழுதியிருக்கும். நின்றுகொண்டே கிளிப் இறக்கியவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. போகிற இடமெல்லாம் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள்.