சிலுவெத்: ஒரு பள்ளத்து வீட்டின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால், விடிகிற நேரத்தில், போட்டோகிராபர் தம்பி பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீராம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். கடலிலிருந்து சூரியன் ஒரு சாண் மேலே வந்ததும் இரண்டு பேரையும் அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். கேமராவில் எட்டிப் பார்த்தேன். கரிக்கட்டை மாதிரி இரண்டு உருவம், அவ்வளவுதான். "என்னப்பா, மூஞ்சியே காணோமே?" என்றேன். "சார், இது சில்லவுட். மூஞ்சி தெரியக் கூடாது, அதுதான் அழகு" என்றார். முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? "தம்பி, அது ஒரு மனுஷனோட பேரு" என்றேன். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு லென்ஸ் மாற்றப் போய்விட்டார். அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோனதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பிரெஞ்சில் அந்தப் பெயரைச் 'சிலுவெத்' என்று சொல்வார்கள். சிலுவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தியேன் தெ சிலுவெத் 1709-ல் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள லிமோஜ் நகரில் பிறந்தார். அப்பா அங்கே வரி வசூல் அதிகாரி. மகன் நன்றாகப் படித்தார், ஆங்கிலக் கவிதைகளை பிரெஞ்சில் மொழிபெயர்த்தார், அரண்மனை வட்டாரத்தில் மெல்ல மேலே வந்தார். 1759 மார்ச் மாதம், அரசரின் ஆசைநாயகி மதாம் தெ பொம்பதூர் கை கொடுக்க, பதினைந்தாம் லூயி அரசரின் நிதி மந்திரி ஆனார். அது இங்கிலாந்தோடு ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், கஜானாவில் காற்றுதான் இருந்தது. புது மந்திரி என்ன செய்தார்? பிரபுக்களின் ஓய்வூதியங்களில் கை வைத்தார். வேலைக்காரர்கள், குதிரை வண்டி, ஆடம்பரச் சாமான் என்று பணக்காரர்கள் வைத்திருந்ததற்கெல்லாம் வரி போடத் திட்டம் போட்டார். கடைசியில் வீட்டிலிருக்கிற வெள்ளித் தட்டு, தாம்பாளத்தையெல்லாம் நாணயச்சாலைக்கு அனுப்பி உருக்கச் சொல்கிற நிலைமை வந்தது. அரசரே தன் வெள்ளிச் சாமான்களைக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக்காரன் தட்டில் கை வைத்தவன் பதவியில் இருப்பானா? நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மொத்தம் ஒன்பது மாதம் கூட முழுசாக இல்லை. ஆனால் பாரிஸ்காரர்களின் நாக்கு அதோடு விடவில்லை. மலிவானது, அரைகுறையானது எதுவாக இருந்தாலும் அதற்கு 'சிலுவெத் பாணி' என்று பெயர் வைத்தார்கள். பை தைக்காத கால்சட்டை சிலுவெத் பாணிக் கால்சட்டை. போட்டுக்கொள்ளக் காசு இல்லாதபோது பை எதற்கு? வேலைப்பாடில்லாத வெறும் மரப் பொடிடப்பி சிலுவெத் பாணிப் பொடிடப்பி. வண்ணம், தைலம், ஓவியர் கூலி எதுவும் வேண்டாம், சுவரில் விழும் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டு உள்ளே கறுப்பு அடித்தால் போதும் என்கிற படமும் சிலுவெத் பாணிப் படம் ஆயிற்று. கால்சட்டையும் பொடிடப்பியும் மறைந்துபோயின. படம் மட்டும் நின்றது. பாரிசுக்குக் கிழக்கே ப்ரி-சுர்-மார்ன் என்ற ஊரில் இருந்த தன் மாளிகைச் சுவர்களில் அவரே இப்படிப்பட்ட நிழல் படங்களை வரைந்து வைத்திருந்தார், அதனால்தான் அந்தப் பெயர் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு முதல் கதைதான் சரியாகப் படுகிறது. ஒரு மந்திரியின் பொழுதுபோக்கை ஊர் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்ளாது, அவர் கஞ்சத்தனத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் நம் ஊர்ச் சேதி ஒன்று இருக்கிறது. மந்திரி ஆவதற்கு முன் இதே சிலுவெத், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க அரசர் வைத்த ஆணையராக இருந்தவர். புதுச்சேரியிலிருந்து ஆளுநர் துய்ப்ளெக்ஸ் 1754-ல் திருப்பி அழைக்கப்பட்ட அந்தப் பத்தாண்டில் கம்பெனிக் கடிதங்கள் இவர் மேசைக்கும் வந்து போயின. இவர் மந்திரியாக இருந்த 1759 அக்டோபரில், சம்பள பாக்கி பொறுக்க முடியாமல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை வந்தவாசியில் கலகம் செய்தது. மூன்று மாதம் கழித்து, 1760 ஜனவரி 22-ல், அதே வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். பாரிசில் பை இல்லாத கால்சட்டை ஒரு கேலி. இங்கே சிப்பாய்க்கு அது வயிற்றுப்பாடு.

சரி, மனிதரை விடுங்கள். எனக்கு அதிகம் பிடித்தது அந்தப் பெயர்தான். எழுத்தில் பார்த்தால், Silhouette, அசல் பிரெஞ்சு மாதிரி இருக்கும். கடைசியில் வரும் 'எத்' என்ற ஒலி பிரெஞ்சில் சின்னஞ்சிறியதைக் குறிக்கிற விகுதி. பெண்பிள்ளைப் பெயர்களிலும் சமையலறைச் சாமான்களிலும் நிறைய வரும். ஆனால் இந்தப் பெயரின் வேரில் பிரெஞ்சு ஒரு துளி கூட இல்லை. குடும்பத்தின் பூர்வீகம் தென்மேற்கு மூலை. பிரெனே மலையும் அத்லாந்திக் கடலும் சந்திக்கிற இடம், பியாரித்ஸ், பயோன் பக்கம். அங்கே பேசுவது பாஸ்க். உலகத்தில் வேறெந்த மொழியோடும் உறவு நிரூபிக்கப்படாத மொழி அது. பாஸ்க்கில் 'சுலோ' என்றால் குழி, பொந்து. மலைக்கு வடக்கே அதையே 'சிலோ' என்பார்கள். 'எத்தா' என்பது இடத்தையும் மிகுதியையும் காட்டும் விகுதி. சேர்த்தால் குழிகள் நிறைந்த இடம். நம் பள்ளத்தூர், குழித்துறை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முழுக்க நிழலுக்கு வழங்குகிற நாசூக்கான சொல்லுக்குள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு பள்ளத்தூர்க்காரர்!

மலைக்குத் தெற்கே, ஸ்பெயின் பக்கம், இதே பெயர் 'சுலுவெத்தா' என்று நடமாடுகிறது. அங்கே அது அபூர்வமே இல்லை. 1870-ல் பிறந்த இக்னாசியோ சுலுவாகா என்ற ஓவியர் பெயரிலும் அதே குழிதான் இருக்கிறது, விகுதி மட்டும் வேறு. வடக்கே பதிவேடு எழுதிய கைகள், பக்கத்துப் பகுதி மொழியான கஸ்கோனின் எழுத்துமுறைக்குப் பழகியவை. அவை எல்-லுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் போட்டு, வாலில் பிரெஞ்சு விகுதி ஒன்றையும் ஒட்டின. பெயருக்கு வேஷம் மாறியது.

இந்தக் குழி ஏன் ஒரு குடும்பத்தின் பெயராயிற்று என்பது இன்னும் சுவாரசியம். பழைய பாஸ்க் நாட்டில் பெயர் என்பது வீட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஆந்திரத்தில் 'இண்டி பேரு' என்கிறார்கள், கன்னியாகுமரிப் பக்கம் வீட்டுப்பேர் கேட்கிறார்கள், செட்டிநாட்டில் விலாசம் என்றாலே குடும்பத்தின் முன்னெழுத்துகள்தான். அந்த மாதிரி. வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அது நிற்கிற இடத்தின் லட்சணம். உள்ளே வாழ்கிறவர்களெல்லாம் அந்தப் பெயரால் அறியப்படுவார்கள். பியாரித்ஸ் இருக்கிற லபூர் மாகாணத்தில் தலைப்பிள்ளைக்குத்தான் வீடு. அந்தத் தலைப்பிள்ளை பெண்ணாக இருந்தாலும் வீடு அவளுக்கே. அவளைக் கட்டிக்கொண்டு வருகிற ஆண் வீட்டோடு மாப்பிள்ளை. ஊர் அவரை மனைவியின் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். பிள்ளைகளும் அப்படித்தான். நம்ம பக்கம் வீட்டோடு மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், அங்கே அது சட்டம்.

இந்த வீட்டுப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாதவை என்று நினைக்காதீர்கள். 1998-ல் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சுக் கால்பந்து அணியில் லிசராசு என்று ஒருவர் ஆடினார். பாஸ்க்கில் 'லிசர்' என்பது ஒரு மரம், பெயரின் பொருள் அந்த மரங்களின் தோப்பு. தென் அமெரிக்காவின் பொலிவார், ஆலை இருக்கிற பள்ளத்தாக்கு. 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. இரண்டும் சேர்ந்த பெயர் நவார் நாட்டில் ஒரு கோட்டைக்கு இருந்தது. அது ஸ்பானிய வாயில் தேய்ந்து ஹவியர், சவியர் என்றாகி, அந்தக் கோட்டையில் பிறந்த ஒருவரோடு கப்பலேறி 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தது. ஆமாம், நம்ம சவேரியார்தான். தூத்துக்குடி, மணப்பாடு கரையில் சவேரியார், சேவியர் என்று பெயர் வைத்த ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு பாஸ்க் கிராமத்தின் 'புதுவீடு' என்ற பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் இருக்கிற சேவியர் மேஸ்திரியை நான் மனசுக்குள் 'புதுவீட்டார்' என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் வீடு கட்டுகிறவர் வேறு.

எச்சேவெர்ரி என்ற பிரெஞ்சு வடிவம் அந்த மூலையில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். காரணம் எளிது, புது வீடு எல்லா ஊரிலும் இருக்கும். குழிகள் நிறைந்த இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு பெயரின் வேர் ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் இருந்தால் அது அபூர்வமாகத்தான் இருக்கும். போதாததற்கு வீடு தலைப்பிள்ளைக்கு. மற்றப் பிள்ளைகள் சாமியாராகப் போனார்கள், இல்லை கப்பலேறினார்கள். அந்தக் காலத்து பியாரித்ஸ் உல்லாச நகரமல்ல, திமிங்கிலம் பிடிக்கிற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்ஜென்டினா, உருகுவே என்று பாஸ்க் வாலிபர்கள் சாரிசாரியாகக் கிளம்பிப் போனார்கள். பெயரும் அவர்களோடு போனது.

அதற்கு முன்னால் அரசாங்கம் உள்ளே வந்திருந்தது. 1539-ல் முதலாம் பிரான்சுவா அரசர், பங்குச் சாமியார்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்போதும் எழுத்து சாமியாருக்குச் சாமியார் மாறியது. பிரெஞ்சுப் புரட்சி வந்து 1792-ல் பதிவேடு கோயிலிலிருந்து நகராட்சிக்குப் போனது. 1794 ஆகஸ்டு 23-ல் வந்த சட்டம்தான் பூட்டு: பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது. இனி வீடு மாறினாலும் பெயர் மாறாது. பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மகள் பெயர் அவளோடு நின்றுவிடும். பாஸ்க் வீட்டில் மகள் காப்பாற்றிக் கொடுத்த பெயர், பாரிஸ் சட்டத்தில் மகளோடு முடிந்தது.

ஆண்வழி மட்டும் போகிற பெயருக்கு ஆயுள் எவ்வளவு? இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், பியெனமே. அவர் பெயரும் அபூர்வம்தான், 'நன்றாக நேசிக்கப்பட்டவர்' என்று அர்த்தம். 1845-ல் அவர் சொன்னது இது. ஒரு வம்சத்தில் ஆளுக்குச் சராசரியாக ஒரு மகன் பிறந்தால் கூட அந்தப் பெயர் ஒருநாள் அழிவது உறுதி. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு மூன்று மகன், ஒருவருக்கு ஒன்று, இரண்டு பேருக்கு இல்லவே இல்லை. சராசரி ஒன்று வந்துவிட்டது, இரண்டு கிளை முடிந்துவிட்டது. முடிந்த கிளை திரும்பத் துளிர்க்காது. மூன்று மகன்கள் உள்ள வீட்டிலும் அடுத்த தலைமுறையில் இதே சீட்டாட்டம். மார்த்தேன் என்பது பிரான்சிலேயே அதிகம் பேர் வைத்திருக்கிற குடும்பப் பெயர். அதற்கு ஆயிரம் கிளை விழுந்தாலும் தெரியாது. நாலைந்து கிளை மட்டுமே உள்ள பெயருக்கு ஒவ்வொரு பிரசவமும் கண்டம். இருபத்தெட்டு வருஷம் கழித்து இங்கிலாந்தில் கால்டன் என்பவர் இதே கேள்வியைக் கேட்டார், பெயரும் புகழும் அவருக்குப் போனது. பியெனமேயின் கட்டுரையை 1970-களில்தான் தோண்டி எடுத்தார்கள்.

பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் உண்டு. அதில் மிகப் பெரும்பாலானவை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு நிற்பவை. தேசியப் புள்ளியியல் நிறுவனமான ஆன்சே, 1891 முதல் 1990 வரை பிறந்தவர்களை இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு கட்டாகப் பிரித்து, எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் பிறந்தது என்று பட்டியல் வைத்திருக்கிறது. அபூர்வப் பெயர்களை அதில் தேடுவது எனக்கு ஒரு பைத்தியம். வரைபடத்தில் ஒரே ஒரு மாவட்டம் கறுத்திருக்கும், மற்றதெல்லாம் வெள்ளை. சிலுவெத் போன்ற பெயருக்குக் கறுப்பு விழுகிற இடம் பிரெனே-அத்லாந்திக், பாஸ்க் மூலை. மந்திரி பிறந்தது லிமோஜ், ஆண்டது வெர்சாய், 1767-ல் செத்தது ப்ரி-சுர்-மார்ன். பெயர் மட்டும் பள்ளத்து வீட்டை விட்டு அதிக தூரம் போகவில்லை.

ஒரு தடவை மட்டும் ரொம்ப தூரம் போயிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில், சேஷெல்ஸ் கிரானைட் தீவுகளில் மூன்றாவது பெரிய தீவுக்குச் சிலுவெத் தீவு என்று பெயர். மந்திரியின் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கே போகிற சுற்றுலாப் பயணிகள், மாலையில் தீவு கறுப்பாகத் தெரிவதால் அப்படிப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சட்டமும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2005 ஜனவரி 1 முதல் பிரான்சில் பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டும் சேர்த்து என எதை வேண்டுமானாலும் பெற்றோர் கொடுக்கலாம். 2022 ஜூலையிலிருந்து வயதுவந்த ஒருவர், வாழ்நாளில் ஒருமுறை, நகராட்சிக்குப் போய் எழுதிக் கொடுத்தாலே அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். அழியப் போகிற மூதாதையர் பெயரை மீட்டு வைத்துக்கொள்ளவும் சிவில் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. லபூர் கிராமத்துத் தலைமகள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததை, சுற்றி வளைத்துப் பாரிஸ் இப்போது அனுமதிக்கிறது.

கல்யாண ஆல்பம் போன வாரம் வந்தது. கடற்கரைப் படம் முதல் பக்கத்தில், நன்றாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பில்லை என் கையில் கொடுத்து, "மாமா, கணக்கு சரியா பாருங்க" என்றான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆல்பம் இத்தனை, வீடியோ இத்தனை, டிரோன் இத்தனை. கடைசி வரியில்: 'சில்லவுட் ஸ்பெஷல், கூடுதல் கட்டணம், 4,000 ரூபாய்.'

வணக்கம்.