பெண் கத்னா: வாப்பா தலையிடலாமா?

பெண் பிள்ளையின் பிறப்புறுப்பைக் கீறும் அல்லது வெட்டும் கத்னா வழக்கத்தைப் பற்றி, கிழக்கிலங்கையின் கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "மகள் பிறந்து இரண்டு கிழமையாகிறது. நாற்பதாம் நாளுக்குள், இதைச் செய்யும் ஒஸ்தா மாமியைக் கூப்பிட்டுக் கத்னா செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு ஆசை கட்டுக்கடங்காது என்கிறார் என் மாமி. இது பெண்களின் காரியம், நான் தலையிடலாமா?"

தலையிடத்தான் வேண்டும், சகோதரரே. நம் பக்கத்துப் பல வீடுகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாப்பாவுக்குத் தெரியாமலே இதை முடித்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், நாளைக்கு வரும் மாப்பிள்ளைக்கு அடக்கமான பெண் வேண்டுமே என்பார்கள். அந்த மாப்பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. கினி, சியரா லியோன், சாட் ஆகிய ஆபிரிக்க நாடுகளில் இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்று சொல்பவர்களின் பங்கு பெண்களைவிட ஆண்களிடம் கூடுதலாக இருப்பதை 2013ஆம் ஆண்டின் யுனிசெஃப் அறிக்கை காட்டியது. ஆண்கள் மனதில் வைத்திருப்பதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லாதவரை பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஆசையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். உணர்வு நரம்புகள் செறிந்த இடத்தில் பிளேடு பட்டால் வலியும் இரத்தப்போக்கும் தொற்றும் வரலாம், வடு மிஞ்சலாம், பின்னாளில் தாம்பத்தியமே வேதனையாகலாம். ஒழுக்கம் அதனால் வருவதில்லை. கற்பைக் காக்கும் கட்டளை குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கே இடப்படுகிறது, பெண்களுக்கு அடுத்த வசனத்தில். பெண் கத்னாவைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சொல்லும் இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா ஹதீஸை (நபிமொழியை)ப் பதிவு செய்த அபூதாவூத் இமாமே அது பலவீனமானது என்று குறிப்பிட்டிருக்கிறார். மனைவியின் இன்பத்தை ஆபத்தாகப் பார்க்கும் ஆண், அவளுக்கு அல்லாஹ் கொடுத்ததையே குறையாகப் பார்க்கிறான் என்பது என் உறுதியான கருத்து.

"சின்னக் கீறல்தானே" என்பார்கள். குத்துவதையும் கீறுவதையும்கூட உலக சுகாதார நிறுவனம் இதன் நான்காம் வகையில் சேர்த்திருக்கிறது. 2018ஆம் ஆண்டில் நமது இலங்கைச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தது.

நாற்பதுக்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருக்கிறது. முதலில் மனைவியிடம் பேசுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து மாமியிடம் பேசுங்கள். அவரைக் குற்றவாளியாக்காதீர்கள், அவருக்கும் விவரம் அறியாத வயதிலேயே இது நடந்திருக்கக்கூடும். "பிள்ளையின் வாப்பா நான், எனக்கு இது வேண்டாம் மாமி" என்பதை அவர் உங்கள் வாயாலேயே கேட்கட்டும். நாற்பதை வழமைபோல் சந்தோஷமாக நடத்துங்கள். ஒஸ்தா மாமிக்கு மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம்.