நிக்காம ஓடற நோட்டு: பாஹ் ப்ரெலூடியோவை சமமா வாசிக்கறது எப்படி

வணக்கம். இன்னிக்கு வயலின்ல பெர்பெச்சுவம் மொபைல் ரகம். ஆரம்பிச்சா முடியற வரைக்கும் ஒரே அளவு வேகமான நோட்டு, நடுவுல மூச்சு விட இடமே கிடையாது. வயலின் மேதை பாகனினியோட ஓபஸ் 11 (படைப்பு எண்), ராவெல் 1927ல முடிச்ச வயலின் சொனாட்டாவோட மூணாவது மூவ்மென்ட் (பகுதி), சுஸுகி வயலின் பாட முதல் புத்தகத்துல வர்ற பெர்பெச்சுவல் மோஷன், எல்லாம் இந்த ரகம்தான். நான் எடுத்துக்கறது பாஹ் தனி வயலினுக்கு எழுதின ஈ மேஜர் பார்ட்டிட்டாவோட (பல துண்டுகள் சேர்ந்த தொகுப்பு) முதல் துண்டு ப்ரெலூடியோ, பி.டபிள்யூ.வி. 1006 (பாஹ் படைப்புப் பட்டியல் எண்). அவர் கைப்பட எழுதின பிரதியில 1720ன்னு இருக்கு.

138 பார் (தாளக் கட்டம்). பாருக்கு மூணு பீட், பீட்டுக்கு நாலு செமிக்வேவர், அதாவது கால் பீட் நோட்டு. 1,600 நோட்டுக்கு மேல போகுது. மெட்ரோனோம் (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 112 பீட்ல வெச்சா மூணே முக்கால் நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், நொடிக்கு சுமார் ஏழரை நோட்டு. ஏழரைன்னதும் சிரிக்காதீங்க, பல பேருக்கு நிஜமாவே அதுதான் பிடிக்குது.

ஆனா வேகம் இங்க பிரச்சினை இல்ல. ஏழரை நோட்டு ஒரே தந்தியில, ஒரே பொசிஷன்ல (இடது கை நிக்கற இடம்) யார் வேணா வாசிச்சிடலாம். காதுக்கு எல்லா நோட்டும் சமம், கைக்கு அப்படி இல்ல. சில நோட்டுக்கு விரல் வெச்சா போதும். சிலதுக்கு முழங்கை தந்தி மாறணும், சிலதுக்கு கையே இடம் மாறணும். அந்தக் கஷ்டமான நோட்டுக்கு முன்னாடி இருக்கற நோட்டுதான் குட்டையாகுது. எல்லாரும் கஷ்டமான நோட்டையே திரும்பத் திரும்ப சாதகம் பண்றாங்க. கெட்டுப்போறது அதுக்கு முந்தினது.

முதல்ல வில்லு. ப்ரெலூடியோவை வில்லைத் துள்ள விட்டு வாசிக்கறவங்க உண்டு. எனக்கு அது ஒத்துவரல, தந்தியை விட்டு எழும்பாத டெட்டாஷேதான் சரி. வில்லோட நடுவுல, நோட்டுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் போதும். பாகனினி வேற: அங்க சொட்டியே வேணும். வில்லு நடுவுல சின்னதா, வேகமா போய் வந்தா குச்சி தானாத் துள்ளும், நீங்க துள்ள வைக்கக் கூடாது. துள்ளலேன்னா முதல்ல சுண்டு விரலைப் பாருங்க, இறுக்கிப் பிடிச்சிருப்பீங்க. அடுத்தது வில்லு முடியோட இறுக்கம். நடுவுல குச்சிக்கும் முடிக்கும் ஒரு பென்சில் நுழையற இடைவெளி இருக்கணும். மெதுவான வேகத்துல சொட்டியே வரவே வராது, 60ல போட்டு முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

இப்ப முக்கியமான இடம், 17ஆவது பார். பாரியோலாஜ், அதாவது தந்திக்குத் தந்தி மாறி மாறி வாசிக்கறது, மூணு தந்தியில வருது. திறந்த ஈ தந்தி விடாம ஒலிச்சிட்டே இருக்கும், இடது கை மேல் பொசிஷன்ல ஏ, டி தந்தியில வேலை செய்யும். கேமராவுல என் முழங்கையைப் பாருங்க. (வாசிப்பு) முழங்கை நடுத் தந்தி உயரத்துல நிக்குது, மத்த ரெண்டுக்கும் மணிக்கட்டும் முன்கையும்தான் போய் வருது. ஒவ்வொரு நோட்டுக்கும் முழங்கை ஏறி இறங்கினா ரெண்டு பார்ல தோள் வலிக்கும், வேகமும் விழும். இன்னொண்ணு, திறந்த ஈ கணீர்னு தனியா கத்தும். அந்தத் தந்திக்கு வரும்போது ஆள்காட்டி விரல் பாரத்தைக் குறைங்க, வில்லோட நீளத்தைக் குறைக்காதீங்க. முதல்ல இடது கையை எடுத்துட்டு திறந்த தந்திகள்லயே அந்த பாரை வாசிங்க. அதுவே கோணலா வந்தா விரல் மேல குற்றம் சொல்ல முடியாது.

இடது கையில விதி ஒண்ணுதான்: வில்லு திரும்பறதுக்கு முன்னாடி விரல் இறங்கியிருக்கணும். நோட்டோட தலையில கரகரன்னு வந்தா விரல் லேட். இறங்கு வரிசையில கீழ் விரலை முன்னாடியே வெச்சிட்டு மேல் விரலை எடுங்க.

ஷிஃப்ட்ல, அதாவது இடது கை இடம் மாறும்போது, கட்டைவிரல் முதல்ல கிளம்பணும். கர்நாடக சங்கீதம் வாசிச்சிட்டு வர்றவங்க இங்க கவனிக்கணும்: உங்களுக்கு ஒரே சீரா ஓடற சர்வலகு ஸ்வரம் வாசிச்ச காது இருக்கு, சமம் உடனே புரியும். ஆனா அங்க வயலினோட சுருள் பாதத்துல நிக்குது, இடது கை சுதந்திரமா சறுக்கும். இங்க தாடையும் தோளும் தாங்கணும். அது தாங்கலேன்னா கட்டைவிரல் வயலினைப் பிடிச்சிக்கும், கை நகராது.

சாதக முறை. நாலு நோட்டு பீட்டை நாலா வாசிக்காதீங்க, அஞ்சா வாசிங்க. நாலு நோட்டு முழு வேகத்துல, அடுத்த பீட்டோட முதல் நோட்டுல இறங்கி நில்லுங்க, ஒரு பீட் சும்மா இருங்க. அப்புறம் ஒன்பது நோட்டு, அப்புறம் ஒரு பார், பதிமூணு நோட்டு. ஓட்டம் அறுந்துபோறது பீட்டும் பீட்டும் சேர்ற இடத்துலதான், அதனாலதான் அந்தக் கடைசி நோட்டு கட்டாயம். இதோட நீளம்-குட்டை, குட்டை-நீளம்னு மாத்தி வாசிக்கற பழைய வழியும் நல்லதுதான். அதை மட்டுமே செஞ்சா நொண்டியடிக்கிற பழக்கம் ஒட்டிக்கும், கடைசியில எப்பவும் சமமா ஒரு தடவை வாசிச்சு முடிங்க.

சமமா இருக்கான்னு காதை நம்பாதீங்க. ஃபோன்ல ரெகார்ட் பண்ணி பாதி வேகத்துல கேளுங்க. ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல போட்டா அலை கண்ணுக்கே தெரியும்: 112ல ஒவ்வொரு நோட்டும் சுமார் 134 மில்லிசெகண்ட் இருக்கணும்.

நீளம் சமம்னு எடையும் சமமா வெச்சா தையல் மெஷின் மாதிரி ஆயிடும். எந்த நோட்டுல சாயணும்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பாஹ் இதையே டி மேஜருக்கு மாத்தி, 1731ல லைப்சிக் நகர சபைக்கு எழுதின பி.டபிள்யூ.வி. 29 கான்டாட்டாவுக்கு (பாட்டும் வாத்தியமும் சேர்ந்த படைப்பு) சின்ஃபோனியாவா, அதாவது தொடக்க வாத்திய இசையா வெச்சார். அங்க ஆர்கன் இந்த நோட்டெல்லாம் வாசிக்கும், ட்ரம்பெட்டோட ஆர்கெஸ்ட்ரா கார்டு (சேர்ந்து ஒலிக்கற நோட்டுகள்) போடும். அந்தக் கார்டு எங்க மாறுதோ அங்க கொஞ்சம் சாயுங்க, மத்த இடத்துல விட்டுடுங்க. ஆரம்பத்துல ஃபோர்டே (பலமா), பியானோன்னு (மென்மையா) பாஹே எதிரொலி மாதிரி குறிச்சிருக்கார். பியானோ வர்ற பார்ல வலது கைப் பிடியைத் தளர்த்துங்க, இளைப்பாற வேற இடம் கிடைக்காது.

மனப்பாடமா வாசிக்கறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. அந்த பாரியோலாஜ், துண்டோட கிட்டத்தட்ட பாதியில ஒரு தந்தி கீழ இறங்கி, திறந்த ஏ தந்தியோட திரும்ப வருது. கை பழக்கத்துல முதல் தடவை போன வழியிலயே போயிடும். ரெண்டு இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பாரியோலாஜ் முடிஞ்சு வெளிய வர்ற நாலு பாரை மட்டும் மாத்தி மாத்தி வாசிங்க, முதல்ல 60ல.