மன்னிக்க கிளப்புக்கு என்ன உரிமை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இத்தனை நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

கொடுங்குற்றத்தில் தண்டனை பெற்ற தொழில்முறை விளையாட்டு வீரர் மறுபடி களமிறங்கலாமா என்பது தலைப்பு. இறங்கக் கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இப்போதுதான் பாதிப் பேரைக் கண்கலங்க வைத்துவிட்டுப் போனார். "தப்பு செய்தான், உள்ளே போனான், தண்டனையை அனுபவித்தான், கணக்கு தீர்ந்தது. இனி அவன் தொழிலை அவன் செய்யட்டும்" என்றார். நன்றாகக் கைதட்டல் வாங்கினார். மரியாதைக்கு நானும் தட்டினேன்.

ஆனால் கணக்கு தீர்ந்தது என்றாரே, அது யாருடைய கணக்கு?

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை எடுத்துக்கொள்வோம். 1992-இல் இண்டியானாபோலிஸ் நகரில் பாலியல் வன்புணர்வு வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆறு ஆண்டுச் சிறை. குற்றத்தை அவர் மறுத்தே வந்திருக்கிறார், ஆனால் தீர்ப்பு ரத்தாகவில்லை. மூன்று ஆண்டுகள்கூட முழுதாக முடியவில்லை, 1995 மார்ச்சில் வெளியே வந்துவிட்டார். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் மேடையேறினார். எதிரே பீட்டர் மெக்நீலி. சண்டை மொத்தம் 89 விநாடி. அடுத்த மார்ச்சில் ஃப்ராங்க் புருனோவை வீழ்த்தி மறுபடியும் உலகச் சாம்பியன்.

இனிமேல்தான் வேடிக்கை. 1997 ஜூனில் இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்துவிட்டார். நெவாடாவில் குத்துச்சண்டைக்கு உரிமம் தருகிற மாநில ஆணையம் உடனே எழுந்தது. உரிமம் ரத்து, 30 லட்சம் டாலர் அபராதம். ஓராண்டுக்கும் மேல் அவர் கையுறை மாட்ட முடியவில்லை. நடுவர் அவர்களே, அதே மாநிலத்தில்தான் 1995-இல் அவர் மேடையேறினார். ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது உரிமத்துக்குத் தடையாகவில்லை, ஒரு காதுக்கு நேர்ந்தது தடையாகிவிட்டது! காது இன்னொரு வீரருடையது. கடித்தது கேமரா முன்னால். டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் வேறு.

விளையாட்டு உலகத்தின் நியாயம் இப்படித்தான் இருக்கிறது. தனக்கு வலித்தால் கடுமையாகத் தண்டிக்கும். வெளியே இருப்பவருக்கு வலித்தால், "அது நீதிமன்றம் பார்த்துக்கொண்ட விஷயம்" என்று ஒதுங்கிக்கொள்ளும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர், பாகிஸ்தான் பந்துவீச்சாளர் முகமது ஆமிரைக் கொண்டுவந்தார். 2010 லார்ட்ஸ் டெஸ்டில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே நோபால் போட்ட இளைஞர். அப்போது வயது 18. லண்டன் நீதிமன்றத்தில் ஆறு மாதத் தண்டனை, கிரிக்கெட்டில் ஐந்து ஆண்டுத் தடை. திரும்பி வந்தார், 2017 சாம்பியன்ஸ் டிராஃபி இறுதிப் போட்டியில் ரோகித், கோலி, தவான் மூவரையும் சாய்த்தார். "இந்த மறுவாழ்வு உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார் நண்பர். அந்த மூன்று விக்கெட்டும் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஆமிர் திரும்பி வந்ததில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. ஏனென்றால் அவர் துரோகம் செய்தது ஆட்டத்துக்கு. பாதிக்கப்பட்டதும் ஆட்டம், மன்னித்ததும் ஆட்டம். அந்த உரிமை அதற்கு உண்டு.

வன்புணர்வுக்கு ஆளான ஒரு பெண்ணின் சார்பில், கொலையான ஒருவரின் சார்பில், "பரவாயில்லை, வா" என்று சொல்ல ஒரு கிளப்புக்கு யார் உரிமை கொடுத்தது? அரசு தண்டனையைக் குறைக்கலாம், சிறையிலிருந்து விடுவிக்கலாம். பாதிக்கப்பட்டவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பயிற்சியாளரும் மேலாளரும் எங்கிருந்து வந்தார்கள்?

அவர்கள் எதைப் பார்த்து மன்னிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். செட் எவன்ஸ் பெயரைச் சொல்லி எங்களை மடக்கிவிட்டதாக எதிரணி நினைக்கிறது. வேல்ஸ் நாட்டுக் கால்பந்து வீரர். 2012-இல் வன்புணர்வு வழக்கில் ஐந்தாண்டுத் தண்டனை. 2016-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். "உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு நிரபராதியின் வாழ்க்கை போயிருக்குமே" என்கிறார்கள். ஐயா, தீர்ப்பு ரத்தானால் அவர் தண்டனை பெற்றவரே அல்ல. நம் தலைப்புக்குள் அவர் வரவே மாட்டார், தாராளமாக ஆடலாம். பிழையான தீர்ப்புக்கு மருந்து மேல்முறையீடு, கிளப் ஒப்பந்தம் அல்ல.

ஆனால் 2014-க்கு வாருங்கள். அவர் சிறையிலிருந்து வந்த புதிது. தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அப்போதே அவருடைய பழைய கிளப்பான ஷெஃபீல்டு யுனைடெட் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து அவர் விடுதலையாவார் என்று அந்த கிளப்புக்கு ஜோசியமா தெரியும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சிறைக்குப் போன அந்த சீசனில் அவர் லீக்கில் 29 கோல் அடித்திருந்தார் என்பது. அவர் 3 கோல் அடித்த ஆளாக இருந்திருந்தால் இந்தக் கருணை எங்கே போயிருக்கும்?

பிரேசில் கால்பந்து வீரர் ரொபின்யோ கதையும் இதேதான். கூட்டு வன்புணர்வு வழக்கில் 2017-இல் மிலான் நீதிமன்றம் ஒன்பது ஆண்டுத் தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, 2020-இல் சான்டோஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. விளம்பர நிறுவனங்கள் முகம் சுளித்தன. சில நாட்களிலேயே ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பு மாறவில்லை, மனசாட்சி மாறவில்லை, காசோலை மாறியது. இந்தக் கூட்டத்திடமா மறுவாழ்வுப் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்கிறீர்கள்?

சரி, எதிரணியின் உண்மையான பலத்துக்கு வருகிறேன். மைக்கேல் விக். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடுகிற 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர், நாய்ச் சண்டை நடத்திய குற்றத்தில் 2007-இல் 23 மாதத் தண்டனை. 2009-இல் ஃபிலடெல்ஃபியா அணி சேர்த்துக்கொண்டது, 2010-இல் மீண்டுவந்த வீரருக்கான விருது. 2011-இல் நாய்ச் சண்டையை வேடிக்கை பார்ப்பதும் குற்றம் என்ற சட்ட முன்வரைவுக்கு ஆதரவாக வாஷிங்டன் போய்ப் பேசினார். திவாலாகியிருந்தவர், பந்து ஆடிச் சம்பாதித்துக் கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாஷிங்டனில் அவர் செய்த வேலைக்குத் தலைக்கவசமும் சீருடையும் எதற்கு? நாய்ச் சண்டைக்கு எதிராகப் பேச, அதைச் செய்து சிறைக்குப் போனவர் என்ற தகுதியே போதுமே! அப்புறம், அவருக்கு இடம் கொடுத்தது அவர் மனம் மாறியதாலா, கால் வேகம் மாறாததாலா? அவரைவிட உண்மையாக வருந்திய, ஆனால் அவ்வளவு வேகமாக ஓடத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

லூக் மெக்கார்மிக் விஷயத்தில் எனக்கே நெருடல் உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் கால்பந்து அணியின் கோல்கீப்பர். 2008-இல் குடித்துவிட்டு கார் ஓட்டி, இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, இறந்துபோனார்கள். ஏழு ஆண்டு நான்கு மாதத் தண்டனை. 2013-இல் அதே அணிக்குத் திரும்பினார், பிறகு கேப்டனும் ஆனார். கொல்ல வேண்டுமென்று அவர் கிளம்பவில்லை. வன்புணர்வையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவர் இந்த இடத்தில் எங்களுக்கு மதிப்பெண் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும். ஆடட்டும் என்று சொல்லக்கூட நான் ஒருவேளை தயாராவேன். கேப்டன் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

"வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்கிறார்கள். யார் அடித்தது? வேலை செய்யட்டும், சம்பாதிக்கட்டும், குடும்பத்தோடு இருக்கட்டும். குழந்தையிடம் தவறாக நடந்து தண்டனை பெற்ற ஆசிரியரைத் தண்டனை முடிந்ததும் வகுப்பறைக்கு அனுப்புவீர்களா? மாட்டீர்கள். அதை யாரும் வயிற்றில் அடிப்பது என்று சொல்வதில்லை. "வீரர் ஆசிரியர் இல்லையே" என்று நண்பர் தலையாட்டுகிறார். பெரிய கால்பந்துப் போட்டிகளில் வீரர்கள் மைதானத்துக்குள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஆளுக்கொரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு!

வாழ்நாள் தடை கொடூரம் என்றும் சொன்னார்கள். விளையாட்டுக்கு அது ஒன்றும் புதிதல்ல. 2000-இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் கேப்டன் ஹான்சி குரோன்யேவுக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். எந்த நீதிமன்றமும் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. சூதாட்டக்காரரிடம் பணம் வாங்கியதற்கு ஆயுள் முழுக்கத் தடை சரி என்றால், அதைவிடக் கொடிய குற்றத்துக்கு மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே.

ஸ்டீவன் வான் டெ வெல்டே, நெதர்லாந்தின் கடற்கரை வாலிபால் வீரர். 12 வயதுச் சிறுமியை வன்புணர்ந்த குற்றத்துக்கு 2016-இல் இங்கிலாந்தில் நான்கு ஆண்டுத் தண்டனை. சொந்த நாட்டுக்கு மாற்றப்பட்டு, மொத்தத்தில் ஓராண்டுக்குச் சற்று மேல் சிறையில் இருந்து வெளியே வந்தார். 2017-இல் மறுபடி ஆடத் தொடங்கினார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக். அங்கே அவர் கேட்டுக்கொண்டபடி, ஒலிம்பிக் கிராமத்தில் மற்ற வீரர்களோடு இல்லாமல் தனியே தங்க வைத்தார்கள். செய்தியாளர்களிடமும் அவர் பேச மாட்டார் என்று அறிவித்தார்கள். மைதானத்தில் இறங்கியபோது கூட்டம் கூச்சலிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: மற்ற வீரர்கள் நடுவே தூங்காமல் தனியே தங்க வைத்த ஒருவரை, நாட்டின் சட்டையைப் போட்டு அந்த வீரர்கள் நடுவே ஆட விடுவதற்கு மட்டும் ஏன் யாரும் யோசிக்கவில்லை? சரியான பதில் வந்தால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே அந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.